ஐந்து மணிக் கட்டம்

எனக்குத் தரப்பட்டிருப்பவை மூன்றே எண்கள்.
இல்லையென்றால் பூஜ்யம்.
அரைகுறையென்றால் ஒன்று.
எழுதியிருக்கிறபடியே இருந்தால் இரண்டு.
இவற்றை வைத்துக்கொண்டு
லிங்கராஜபுரத்து ஆரம்ப சுகாதார நிலையத்தை
ஒரு பகலுக்குள் அளந்துவிட வேண்டும்.

வருகிறேன் என்பது அவர்களுக்கு முன்பே தெரியும்.
வாசல் கம்பியில் பெயின்ட் காயவில்லை.
கை கழுவும் ஆறு படிகள் கன்னடத்தில், புதுப் படமாக,
ஓரத்தில் பசை வழிய.
கீழே குழாய். திருகினேன்.
காற்று இருமியது.
படமாவது இருக்கிறதே என்று ஒன்று போட்டு
அப்புறம் அடித்தேன்.

காத்திருக்கும் நேரம், பதிவேட்டின்படி
சராசரி பதினெட்டு நிமிடம்.
நானும் ஒரு டோக்கன் எடுத்து உட்கார்ந்தேன்: நாற்பத்தேழு.
பக்கத்தில் நாற்பத்தாறு, அற்புதமேரி.
விடியுமுன் தெருக் கூட்டப் போனவள்
சீருடைக் கோட்டைக் கழற்றாமல் வந்திருந்தாள்.
"நீங்க எதுக்கு?"
"எவ்வளவு நேரம் ஆகுதுன்னு பார்க்க."
"அதுக்கு ஒரு ஆளா?"
சிரிப்பு இருமலாக மாற, முந்தானைக்குள் அதை மடித்துக்கொண்டாள்.
மருந்துச் சீட்டு அவள் கைக்கு வந்தபோது
மணி ஒன்று நாற்பது.
அந்தப் பதினெட்டு நிமிடம்
டாக்டர் அறைக் கதவிலிருந்து தொடங்குகிறதாம்.
பெஞ்சு கணக்கில் இல்லை.

பிறகு தடுப்பூசிக் குளிர்பெட்டி.
இரண்டுக்குக் குறையாமல் எட்டுக்கு மேல் போகாமல்
காலையிலும் மாலையிலும் பார்த்து எழுத வேண்டும்.
நான் போனது இரண்டேகாலுக்கு.
மாலை ஐந்து மணிக் கட்டத்தில் ஏற்கெனவே
ஹொன்னம்மாவின் முத்து முத்தான கையெழுத்தில்: 4.6.
நாளைக் காலைக்கு: 4.4.
ஒரே எண்ணாக இருந்தால் நன்றாயிராதென்று
புள்ளி இரண்டு குறைத்திருந்தார்.

அவர் எதையும் மறைக்கவில்லை.
மூன்றரைக்குக் கரண்ட் போகும் மேடம்.
நாலு தெருவுக்கு மாத்திரை கொண்டுபோவதும் நான்தான்.
ஐந்து மணிக்கு இதன் முன்னால் நிற்க
எனக்கு இன்னொரு உடம்பு இல்லை.

பழைய கோப்பைப் புரட்டினேன்.
போன வருடம் இரண்டு. அதற்கு முந்தின வருடமும் இரண்டு.
போட்டுவிட்டுப் போனவர்கள் நல்லவர்கள்,
டீ குடித்திருப்பார்கள், மனம் இரங்கியிருப்பார்கள்.
முழு மதிப்பெண் வாங்கிய பெட்டிக்கு
எந்த அலுவலகம் பேட்டரி வாங்கித் தரும்?

பூஜ்யம் போட்டேன்,
வட்டம் சரியாகக் கூடும்படி, பேனாவை அழுத்தி.
சம்பளத்தில் பிடிப்பார்களா என்று ஹொன்னம்மா கேட்டார்.
தெரியாது என்றேன். உண்மையிலேயே தெரியாது.
குறிப்புக்கென்று நான்கு வரி இடம்:
நர்ஸ் ஒருவர். தெரு நான்கு.
மின்வெட்டு தினமும்.
தவறு இவருடையதல்ல என்பதை
ஓரத்தில், செங்குத்தாக எழுத வேண்டியிருந்தது.

ஏழு மாதம் கழித்துச் சொல்லாமல் போனேன்.
இன்வெர்ட்டர் இருந்தது, பச்சை விளக்கோடு.
குழாயில் தண்ணீர் வந்தது; பக்கத்தில் நிரப்பிய வாளியும்,
குழாயை நம்பாத யாரோ வைத்தது.
பதிவேட்டில் ஒரு நாள் 7.9.
மற்றொரு நாள் 8.3, எதிரில் சிவப்பு மையில்:
'போன் செய்தேன், ஆள் வந்து சரிசெய்தார்.'
அழகில்லாத எண்கள். விரல் வைத்துத் தொட்டுப் பார்த்தேன்.
கையெழுத்து வேறு.
ஹொன்னம்மா எலஹங்காப் பக்கம் மாற்றலாம்.
வழக்கமான மாற்றலா, என் பூஜ்யமா,
கேட்டவர்களுக்குத் தெரியவில்லை,
படிவத்திலும் அதற்குக் கட்டமில்லை.

இப்போது நேரத்தை வாசலிலிருந்தே எண்ணுகிறார்கள்.
சராசரி எழுபத்தொரு நிமிடம்.
பதினெட்டிலிருந்து எழுபத்தொன்று:
தலைமை அலுவலகத்துத் திரையில்
கோடு செங்குத்தாக ஏறும்,
யாரோ முகம் சுளித்து விளக்கம் கேட்பார்கள்.

பெஞ்சில் உட்கார்ந்து
மடியில் படிவத்தை வைத்து
இரண்டு போட்டேன்.